அமிலம் நிற்கும் இடம்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் டையிங் மாஸ்டரின் சட்டைப்பையைப் பார்த்தால் பேனாவுக்குப் பக்கத்தில் பி.எச். தாள் அடங்கிய குட்டிப் புத்தகம் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். மெஷினில் துணி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மக்கில் தண்ணீர் பிடித்து, தாளின் நுனியை நனைத்து, மாறிய நிறத்தை அட்டையோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார். பெராக்சைடும் காஸ்டிக்கும் போட்டு வெளுக்கும்போது பி.எச். பத்தைத் தாண்டி நிற்கும். வெளுத்து முடிந்ததும் "அசிட்டிக் விடுப்பா" என்று ஒரு குரல். காரம் முறிந்து ஆறுக்கு அருகே இறங்கும். பிசிறு எடுக்கும் பயோ-பாலிஷ் என்சைம் போடுவதானால் ஐந்தை ஒட்டி நிறுத்த வேண்டும். அந்த என்சைமுக்கு அதுதான் பிடிக்கும். பிறகு சாயம் நூலோடு பிணைவதற்காகச் சோடா ஆஷ் போட்டு மறுபடியும் பதினொன்று. எல்லாம் முடிந்து அது கைக்குழந்தைக்கான பனியனாக ஐரோப்பாவுக்குப் போகிறது என்றால், ஓகோ-டெக்ஸ் சான்றிதழுக்காகத் துணியின் பி.எச். 4-க்கும் 7.5-க்கும் நடுவே இருந்தாக வேண்டும்.

ஒரே மெஷின், ஒரே லாட், நாலைந்து பி.எச். இதில் எந்த எண்ணும் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எந்தக் கட்டத்தில் எது இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. தவறான கட்டத்தில் தவறான எண் வந்தால் ஷேடு போச்சு, லாட் போச்சு.

பி.எச். அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பது இவர்களுக்குப் பழகிய விஷயம். ஆனால் இதே ஊரில், இரவு ஒன்பது மணிக்கு மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று பாருங்கள். "அண்ணா, நெஞ்சு கரிக்குதுங்க, ரெண்டு கேஸ் மாத்திரை குடுங்க." "சாப்டீங்ளா?" "இல்லீங்க, அஞ்சரை மணிக்கு டீயும் பன்னும் சாப்டதுதான்." கடைக்காரர் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பார். "அப்டியே ரெண்டு செலினும் குடுங்க, உடம்பு அசதியா இருக்குது." மருத்துவர் சீட்டு இருந்தால்தான் தர வேண்டிய பான்டோபிரசோல் ஒன்று, வைட்டமின் சி இன்னொன்று. ஒன்று அமிலத்தை அடக்குவது. மற்றது அதுவே ஓர் அமிலம். இரண்டையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு அவர் வீட்டுக்குப் போகிறார். பின்னாலேயே வரும் இன்னொருவர், வயிற்றில் அமிலம் கூடியதால் எரியவில்லை, குறைந்ததால்தான் எரிகிறது என்று சொல்லும் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து ஆப்பிள் சிடர் வினிகர் கேட்கிறார்.

இந்த மூன்று சரக்குக்கும் இரைப்பையில் என்ன வேலை என்று பார்ப்பதுதான் இந்த அத்தியாயம்.

இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை 1824-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் பிரௌட் நிறுவினார். அதற்கு முன், கட்டடத் தொழிலிலும் பாத்திரப் பட்டறையிலும் புழங்கும் அமிலம் மனித உடம்புக்குள் சுரக்கும் என்று சொன்னால் நம்ப ஆளில்லை. இரைப்பையின் சுவரில் பாரைட்டல் செல்கள் என்று ஒரு வகை உண்டு. அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் புரோட்டான் பம்புகள் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளிப் பொட்டாசியம் அயனியை உள்ளே இழுக்கின்றன. ரத்தத்தின் பி.எச். 7.4. காலி வயிற்றில் இரைப்பைச் சாறு ஒன்றரைக்கும் இரண்டுக்கும் அருகே. இடையில் பல லட்சம் மடங்கு வித்தியாசம். இந்த ஏற்றத்துக்கு எதிராகப் பம்பு அடிக்க ஏராளமான ஆற்றல் செலவாகும். அந்தச் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதன் காரணம் அதுதான். இப்படி நாளொன்றுக்குச் சுமார் இரண்டு லிட்டர் சாறு சுரக்கிறது.

எதற்கு இவ்வளவு? புரதத்தை வெட்டும் பெப்சின் என்சைமுக்கு அந்தப் பி.எச். தேவை. பயோ-பாலிஷ் என்சைமுக்கு ஐந்து என்றால் பெப்சினுக்கு இரண்டு. ஏழுக்குப் போனால் அது கெட்டே போய்விடும். கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பு கரைவதற்கு அமிலம் வேண்டும். முட்டை, மீன், பால் ஆகியவற்றின் புரதத்தோடு ஒட்டிக்கிடக்கும் பி12 வைட்டமினைப் பிரித்தெடுக்கவும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, காலரா, டைபாய்டு கிருமிகள் குடலுக்குப் போகும் வழியில் கடந்தாக வேண்டிய முதல் சோதனைச் சாவடி அது. கோடையில் டேங்கர் தண்ணீரை நம்பி இருக்கும் ஊருக்கு இந்தச் சாவடியின் அருமை தெரிய வேண்டும்.

இரைப்பைச் சுவருக்கு இந்த அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் உண்டு. அதற்கு மேலே இருக்கும் உணவுக்குழாய்க்கு அப்படி ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் நடுவே வளையமாக ஒரு தசை. அதைச் சுற்றி உதரவிதானத்தின் பிடி. விழுங்கும்போது அது திறக்கும், உடனே மூடும். விழுங்காத நேரத்திலும் அவ்வப்போது சில விநாடிகள் தளரும். ஏப்பம் வெளியேறுவது அப்போதுதான். இந்தத் தளர்வு எல்லாருக்கும் உண்டு. நெஞ்செரிச்சல்காரர்களுக்கு அந்த நேரத்தில் காற்றோடு சாறும் மேலே வந்துவிடுகிறது. நம் பேச்சில் எதுக்களிப்பு, புளிச்ச ஏப்பம் என்பதெல்லாம் இதுவே. நெஞ்செரிச்சல்காரர்களில் பெரும்பாலானவர்களிடம் சுரக்கும் அமிலத்தின் அளவு மற்றவர்களுடையதைப் போலத்தான் இருக்கும். அளவு சரி, இடம்தான் தப்பு.

சாப்பிட்டதும் அமிலம் உணவோடு கலந்து நீர்த்துப்போக வேண்டும் அல்லவா? ஆனாலும் சாப்பிட்ட பிறகுதான் அதிகம் எரிகிறது. இந்த முரணுக்கு 2001-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கென்னத் மெக்கால் குழுவினர் விடை கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு இரைப்பையின் நடுப்பகுதியில் பி.எச். நாலே முக்காலுக்கு ஏறி இருக்க, உணவுக்குழாய் வந்து சேரும் வாயை ஒட்டி மட்டும் கலக்காத அமிலம் ஒரு குட்டையாகத் தேங்கி நின்றது. அங்கே பி.எச். 1.6. புதிதாகச் சுரந்த சாறு உணவின் மேல் மிதந்துகொண்டு, கதவு எப்போது திறக்கும் என்று காத்திருக்கிறது.

கதவைத் திறக்க வைப்பது எது? வயிறு முட்ட உண்பது, பருத்த வயிறு, கர்ப்பம், சிகரெட், இறுக்கிக் கட்டிய இடுப்பு. அதே கிளாஸ்கோ குழு, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களின் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிவிட்டுச் சோதித்தது. தசை வளையம் மேல்நோக்கி இடம்பெயர்ந்தது, உணவுக்குழாயின் அடிப்பகுதியில் அமிலம் ஏறியது, அவர்களுக்கே தெரியாமல். 2014-ல் வெளியான அந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பவர் டேபிள் தையல் மெஷின்களில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். உள்பாவாடை நாடாவை இறுக்கி முடிந்து, முதுகுச் சாய்மானம் இல்லாத ஸ்டூலில், ஊசிமேல் கண்ணை வைத்து, வயிற்றை மடித்துக் குனிந்து எட்டு மணி நேரம். ஷிப்மெண்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம். பீஸ் ரேட்டில் ஓடும் கைக்கு நிமிர்ந்து உட்கார்வதே நஷ்டக் கணக்கு.

அடுத்தது இரவுச் சாப்பாடு. காலை எட்டரைக்கு உள்ளே போனவர் இரவு எட்டரைக்கு வெளியே வந்து, சமைத்து, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத் தான் உட்காரும்போது பத்து. பகல் முழுவதும் டீயும் வடையுமாக ஏமாற்றிய வயிற்றுக்கு அப்போதுதான் ஒழுங்கான சோறு. பத்தரைக்குப் பாய். ஜப்பானில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி உள்ளவர்களுக்கு, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடுபவர்களைக் காட்டிலும் எதுக்களிப்பு நோய் இருக்கும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் இருந்தது. படுத்ததும் புவியீர்ப்பு கைவிட்டுவிடுகிறது, தூங்கும்போது உமிழ்நீர் விழுங்குவதும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஏறிய அமிலத்தைக் கழுவி இறக்க ஒன்றும் வராது.

கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே செங்கல் வையுங்கள் என்று மருத்துவப் புத்தகங்கள் சொல்லும். லைன் வீட்டில் கட்டில் எங்கே இருக்கிறது? தரையில் படுப்பவர் தலையணையை மட்டும் இரண்டாக்கினால் கழுத்தும் இடுப்பும் மடிந்து வயிறு இன்னும் அமுங்கும். முதுகின் பாதியிலிருந்தே மேல்நோக்கிச் சரிவாகும்படி ஜமுக்காளத்தை மடித்து வைக்க வேண்டும். திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் அடைத்த மெத்தைக்கும் தலையணைக்கும் பஞ்சமில்லை, சரிவான திண்டு ஒன்று தைத்துக்கொள்வது இந்த ஊர்க்காரர்களுக்கு அரை மணி வேலை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும். அப்போது இரைப்பையின் பெரிய வளைவு கீழே போய், வாய்ப்பகுதி மேலே நிற்கும். ஐந்தரை டீயோடு பன்னுக்குப் பதிலாக வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, இரவில் கொஞ்சமாக உண்பதும் நல்லது. அதற்கு அந்த இடைவேளை பதினைந்து நிமிடமாவது இருக்க வேண்டும். அது உண்பவர் கையில் இல்லை, கம்பெனி கையில் இருக்கிறது.

இப்போது வினிகர் கேட்டவரிடம் வருவோம். "அமிலம் குறைந்தால் கதவு சரியாக மூடாது, அதனால்தான் எதுக்களிக்கிறது" என்பது அந்த வீடியோவின் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமிலத்தை அடக்கும் மாத்திரை கொடுத்தால் உணவுக்குழாய்ப் புண் ஆறுகிறதே! மூலகாரணம் அமிலக் குறைவு என்றால் மேலும் குறைக்கையில் புண் பெருக வேண்டும். வீட்டுச் சோதனை என்று ஒன்றையும் சொல்கிறார்கள்: காலையில் வெறும் வயிற்றில் சமையல் சோடாவைக் கரைத்துக் குடி, ஏப்பம் வரும்வரை எண்ணு, தாமதமானால் அமிலம் குறைவு. சோடாவும் அமிலமும் சேர்ந்தால் கரியமில வாயு வரும் என்ற வேதியியல் சரி. ஆனால் குடிக்கும்போது விழுங்கிய காற்றுக்கும், கதவு தளரும் நேரத்துக்கும், உள்ளே கிடக்கும் சாற்றின் அளவுக்கும் யார் கணக்கு வைப்பது? மாஸ்டர் பி.எச். தாள் இல்லாமல், மெஷினில் நுரை வருகிறதா என்று பார்த்து லாட்டை இறக்குவாரா?

வினிகரில் இருப்பது, சாயப்பட்டறையில் கேன் கேனாக வந்து இறங்கும் அதே அசிட்டிக் அமிலம்தான். ஐந்து சதவீதத்துக்கு நீர்த்தது. அதைக் குடித்து இரைப்பைச் சுரப்பைச் சரிசெய்ய முடியாது. ஏற்கெனவே புண்ணான உணவுக்குழாயின் வழியாக அது இறங்கும் என்பது மட்டும் உறுதி.

அமிலக் குறைவு என்று ஒரு நிலையே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. அது மெய்யாகவே உண்டு. பெரும்பாலும் நெஞ்செரிச்சலாக வராது. சோகையாக, நாக்கு எரிச்சலாக, கால் மதமதப்பாக, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்காக வரும். நம் மண்ணில் அதன் கதை எதிர்ப்பக்கத்திலிருந்து, அமிலம் அரித்த புண்ணிலிருந்து தொடங்குகிறது.

1922-ல் எவரெஸ்ட் ஏற வந்த ஆங்கிலேயக் குழுவில் டி. ஹோவர்ட் சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இன்று அது கன்னியாகுமரி மாவட்டம். அங்கே காத்திருந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்தவர் லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு நெய்யூரிலேயே தங்கிவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய், பிராணவாயு உருளை இல்லாமல் 28,000 அடியை நெருங்கித் திரும்பியதும் இந்த நெய்யூர் டாக்டர்தான். அவர் கத்தியை அதிகம் வைத்தது முன்சிறுகுடல் புண்ணில். ஆண்டுக்கணக்கில் ஆறி ஆறி வடுவாகி, இரைப்பையின் கீழ்வாய் அடைபட்டு, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகி எலும்பும் தோலுமாக வந்தவர்கள் அவர்கள். 1936-ல் ஐ.எம். ஆருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 2,500 நோயாளிகளைப் பற்றியது. ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் இத்தனை பேர்!

அதே காலத்தில் நீலகிரியில், திருப்பூரிலிருந்து பார்த்தால் மேட்டுப்பாளையம் தாண்டி ஏறும் மலையில், குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வாளர் ராபர்ட் மெக்கரிசன் எலிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆய்வுக்கூடம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். மரவள்ளிக்கிழங்கை நம்பிய திருவிதாங்கூர் ஏழையின் உணவைத் தின்ற எலிகளில் கால்வாசிக்கும் மேற்பட்டவற்றுக்கு வயிற்றுப் புண். மதராஸ் உணவு தின்றவற்றுக்கு அதைவிடக் குறைவு. கோதுமை, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உணவைத் தின்றவற்றுக்கு ஒன்றும் இல்லை. 1960-களில் ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா ரயில்வே ஊழியர்களிடம் கணக்கெடுத்தபோதும் தெற்கில் புண் அதிகம், வடக்கில் குறைவு. மென்று தின்னும் ரொட்டிக்கு ஊறும் உமிழ்நீர் காக்கிறது என்பது அவர் ஊகம். சோறு, புளி, மிளகாய் எல்லாம் ஆளாளுக்குக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டன. சோற்றின் மேல் விழுந்த பழி முழுதும் பொய் என்றும் சொல்லிவிட முடியாது, மெய் என்றும் சொல்லிவிட முடியாது.

ஏனென்றால் இவர்கள் யாருக்கும் தெரியாமல் உள்ளே ஒரு கிருமி இருந்தது. 1984-ல் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல், ஹெலிகோபாக்டர் பைலோரியை வளர்த்த கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டல், விடிகாலையில் வாந்தி. அந்த வாந்தியில் அமிலம் இல்லை! புதிதாகத் தொற்றிய கிருமி அமிலச் சுரப்பை அணைத்துப்போட்டிருந்தது. 2005-ல் அவருக்கும் அவரோடு சேர்ந்து ஆய்ந்த ராபின் வாரனுக்கும் நோபல் கிடைத்தது. இந்தியாவில் வயது வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தக் கிருமியைச் சுமக்கிறோம், பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல். அது இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் அழற்சி உண்டாக்கினால் அமிலம் கூடி முன்சிறுகுடலில் புண் வரும். மேலேறி நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டால் பல ஆண்டுகளில் பாரைட்டல் செல்கள் நசிந்து அமிலம் குறையும். ஒரே கிருமி, ஒருவருக்கு மிகை, இன்னொருவருக்குக் குறை. இதைச் சோடா குடித்துக் கண்டுபிடிக்க முடியாது. எண்டோஸ்கோப்பியில் சதை எடுத்துப் பார்ப்பது, ரத்தத்தில் பெப்சினோஜென், காஸ்ட்ரின், பி12 அளவு என்று வேறு வழிகள் இருக்கின்றன.

கிருமி தவிர, உடலின் எதிர்ப்புச் சக்தியே பாரைட்டல் செல்களைத் தாக்கும் நோய் உண்டு. புண்ணுக்காக இரைப்பையை வெட்டிக்கொண்ட பழைய தலைமுறையில் பலருக்குப் பின்னாளில் சோகை வந்ததும் அமிலமும் பி12-ம் குறைந்ததால்தான். இன்று அமிலக் குறைவுக்கு மிகப் பரவலான காரணம் மருந்துக்கடை அட்டையில் இருக்கிறது.

பான்டோபிரசோலின் இனத்தைச் சேர்ந்த ஒமிப்ரசோல் 1988-ல் சந்தைக்கு வந்தபோது சாமர்வெல் காலத்து அறுவைகளில் பெரும்பாலானவை தேவையற்றுப் போயின. அது புரோட்டான் பம்பின் மேலேயே ஒட்டிக்கொண்டு அதை நிரந்தரமாக நிறுத்துகிறது; செல் புதிய பம்பு செய்யும்வரை அது எழாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பம்பில்தான் மருந்து ஒட்டும், உணவு வரும்போதுதான் பம்புகள் ஓடும். மாத்திரையோ ரத்தத்தில் ஓரிரு மணி நேரமே தங்கும். ஆகவே காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால்தான் முழுப் பலன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல், எரியும்போது பதினொரு மணி டீயோடு போடுபவர் மருந்தைப் பாதி வீணாக்குகிறார். "மாத்திரை கேக்கலீங்க" என்று அடுத்த நாள் வந்து இன்னும் வீரியமாகக் கேட்பதும் இதனால்தான்.

இந்த மாத்திரைகளை நெடுநாள் போட்டால் ஆபத்து என்று பயமுறுத்தும் செய்திகளுக்கு ஒரு பதிலும் இருக்கிறது. 2019-ல் வெளிவந்த கம்பாஸ் ஆய்வில் 17,598 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குப் பான்டோபிரசோலும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் சுமார் மூன்று ஆண்டுகள் கொடுத்தார்கள். சிறுநீரகம், எலும்பு, மறதி என்று பேசப்பட்ட ஆபத்துகள் எதுவும் தெளிவாகக் கூடவில்லை. கூடியது ஒன்றுதான்: குடல் தொற்று. 1.0 சதவீதம் 1.4 ஆனது. சோதனைச் சாவடியைப் பூட்டினால் நடக்க வேண்டியது நடந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் குடித்த தண்ணீரையும் நாம் குடிக்கும் தண்ணீரையும் ஒன்றென்று கொள்ள நான் தயங்குவேன்.

இன்னொரு சிக்கல் நிறுத்தும்போது. டென்மார்க்கில் எந்த நோயும் இல்லாத 120 பேரில் ஒரு பாதிக்கு எட்டு வாரம் அதே இனத்து எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்திய பின் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் முதலான தொந்தரவு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம். அடக்கி வைத்த காலத்தில், அமிலச் சுரப்பைத் தூண்டும் காஸ்ட்ரின் ஏறி, செல்கள் பெருகி, தடை நீங்கியதும் அமிலம் பாய்கிறது. "மாத்திரைய விட்டா எரியுதுங்க, எனக்கு இது வாழ்நாள் வியாதி" என்பவர்களில் சிலர் மாத்திரை உண்டாக்கிய எரிச்சலுக்கு மாத்திரை போடுகிறார்கள். மருத்துவரிடம் கேட்டு அளவைப் படிப்படியாகக் குறைத்தால் இதைத் தாண்டிவிடலாம்.

எந்த மாத்திரையும் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம். நெஞ்சு வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் அது கேஸ் இல்லை. கேஸ் என்று சோடா குடித்துக் காத்திருந்து உயிரைவிட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இனி செலின். வைட்டமின் சி என்பது அஸ்கார்பிக் அமிலம். அதை விழுங்கினால் வயிற்றில் அமிலம் கூடிவிடுமே என்று பயப்படுகிறவர்களும் உண்டு, கூடட்டும் என்று விழுங்குகிறவர்களும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 மி.கி. அஸ்கார்பிக் அமிலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தால் பி.எச். மூன்றை ஒட்டி வரும். இரைப்பைச் சாறு ஒன்றரை என்றால் அது இதைவிட முப்பது மடங்கு கடுமை. அங்கே இது விழுந்தால் மாற்றம் ஒன்றும் இராது. சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு மாத்திரைகள் பலவற்றில் பெரும்பகுதி சோடியம் அஸ்கார்பேட் என்ற உப்பு, அதில் புளிப்பே இல்லை. ஆகவே அமிலக் குறைவுக்கு இது மருந்தும் இல்லை, எதுக்களிப்புக்கு மூலகாரணமும் இல்லை.

ஆனால் மாத்திரை நிற்கும் இடம் தப்பினால் கதை வேறு. சப்பாமல் விழுங்கும் மாத்திரையை, பாயில் சாயப் போகும் நேரத்தில் அரை மடக்குத் தண்ணீரோடு போட்டால் அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரையும். ஒரு டம்ளரில் நீர்க்க வேண்டிய அமிலம் அரைத் துளி எச்சிலில் கரைந்து சவ்வைப் பொசுக்கும். டாக்சிசைக்ளின், இரும்பு மாத்திரை, வலி மாத்திரை ஆகியவற்றோடு வைட்டமின் சி-யும் இப்படிப் புண் செய்யும் பட்டியலில் இருக்கிறது. ஒரு முழு டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் நிமிர்ந்த உடம்பு. அவ்வளவுதான் தடுப்பு.

இரைப்பைக்கும் வைட்டமின் சி-க்கும் உள்ள உண்மையான உறவு கடைக்கு வெளியே இருக்கிறது. ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவில் இரைப்பை இந்த வைட்டமினைத் தன் சாற்றில் தானே சுரக்கிறது. எதற்காக? நாம் தின்னும் கீரையிலும் குடிக்கும் நீரிலும் உள்ள நைட்ரேட் வாய்க் கிருமிகளால் நைட்ரைட்டாக மாறி வயிற்றுக்கு வருகிறது. புரதத்தின் சிதைவுப் பொருட்களோடு அது கூடினால் நைட்ரோசமைன், புற்றுநோய் உண்டாக்கும் இனம். வைட்டமின் சி இருந்தால் நைட்ரைட்டை முந்திப் பிடித்து முடித்துவிடும். சோதனைக்குழாயில் இதை 1972-லேயே சிட்னி மிர்விஷ் காட்டினார். நைட்ரோசமைன் என்ற பெயர் சிலருக்குப் பழக்கமாக இருக்கலாம். 2019-ல் ரானிடிடின் என்ற இன்னொரு கேஸ் மாத்திரையில் கண்டுபிடிக்கப்பட்டு, அமெரிக்காவில் அதைச் சந்தையிலிருந்தே இறக்கவும், 2022-ல் இந்திய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கவும் காரணமான என்.டி.எம்.ஏ. ஒரு நைட்ரோசமைன்தான். அங்கே மருந்தின் மூலக்கூறே வெப்பத்திலும் நாள்பட்டும் சிதைந்து அதைத் தந்தது.

அமிலம் குறைந்த இரைப்பையில் இந்தக் காவல் தளர்கிறது. பி.எச். ஏற ஏற வைட்டமின் சி நிலைகுலைந்து ஆக்சிகரணமாகிறது, கிருமிகள் குடியேறுகின்றன, நைட்ரைட் கூடுகிறது. பைலோரி தொற்றியவர்களின் சாற்றில் இந்த வைட்டமின் குறைவு; கிருமியை ஒழித்தால் மறுபடி ஏறுகிறது. இரைப்பைப் புற்றுநோயைப் பற்றி யோசிப்பவர்கள் இந்த முடிச்சை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மாத்திரை விழுங்கினால் அந்தப் புற்றுநோய் தடுக்கப்படும் என்று மட்டும் யாரும் நிரூபிக்கவில்லை.

எவ்வளவு வேண்டும்? ஐ.சி.எம்.ஆர். 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மி.கி., பெண்ணுக்கு 65. 200 மி.கி. வரை ஒரு வேளையில் உண்டால் குடல் ஏறக்குறைய முழுதும் உறிஞ்சும்; ஒரு கிராமுக்கு மேல் உண்டால் பாதிகூட ஏறாது. மிச்சம் குடலில் நீரை இழுத்து வயிற்றைக் கலக்கும். ஏறியதிலும் உபரியில் ஒரு பங்கு ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகம் போகும். அயனிங் டேபிளில் நீராவிக்கு நடுவே வேர்த்து, பாத்ரூம் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் உடம்புக்குக் கல் சேர இது நல்ல வசதி.

அசதிக்குச் செலின் கேட்டவரின் அசதி பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்குச் சோகை. வைட்டமின் சி அங்கே உதவும்: தாவர உணவின் இரும்பை உறிஞ்சத் தக்க வடிவத்துக்கு மாற்றும், டீயின் டேனின் செய்யும் தடையையும் ஓரளவு முறிக்கும். ஆனால் அது சாப்பாட்டோடு சேர்ந்து வயிற்றில் இருக்க வேண்டும், இரவு ஒன்பதுக்குத் தனியே விழுங்கினால் என்ன பயன்? இரும்பு மாத்திரையே சாப்பிடுகிறவர்களுக்கு இதைக் கூடச் சேர்த்துப் பயனில்லை என்று 2020-ல் ஷாங்காயில் 440 பேரிடம் செய்த சோதனை காட்டியது. கேஸ் மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் இரும்பு ஏறுவது இன்னும் குறையும். போதாததற்கு வலி மாத்திரை. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் சுமார் நூறு பெண்களிடம் பேசி 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலிக்கு, பெயரே போடாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்கள் கொடுத்து வேலை வாங்கினார்கள் என்றது அது. சோதித்ததில் அவற்றில் இபுபுரோபென் போன்றவை இருந்தன. அந்த வகை மருந்தை வெறும் வயிற்றில் தொடர்ந்து விழுங்கினால் இரைப்பையின் சளிப்படலம் மெலியும், புண் கசியும், ரத்தம் சத்தமில்லாமல் போகும். அதற்குப் பிறகு வரும் அசதிக்கும் எரிச்சலுக்கும் இன்னும் இரண்டு மாத்திரை வெட்டித் தரக் கடை திறந்தே இருக்கிறது.

வைட்டமின் சி-க்கு நெல்லிக்காய் என்று பாட்டி முதல் பஞ்சாங்கம் வரை சொல்வார்கள். நூறு கிராமில் 600 மி.கி. என்பது பழைய அட்டவணை. 2017-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் புதிய கருவிகளால் அளந்தபோது 250-ஐ ஒட்டி நின்றது. அதுவும் அதிகம்தான். அதன் துவர்ப்பான டேனின், வைட்டமின் சி சிதையாமல் காக்கிறது என்று 1936-லேயே தாமோதரனும் நாயரும் கண்டு எழுதியிருக்கிறார்கள். நெல்லியின் புளிப்பு ஆகாதவருக்குக் கொய்யா இருக்கிறது, நூறு கிராமில் 200 மி.கி.க்கு மேல். மூலனூர்ப் பக்கம் விளையும் முருங்கையின் கீரையிலும் நிறைய உண்டு, வேகவைக்கையில் ஒரு பங்கு போய்விடும். கம்பெனி வாசலில் நிற்கும் தள்ளுவண்டியில் ஒரு கொய்யாவை வாங்கி மதியச் சோற்றுக்குப் பின் தின்றால் அந்த நாளின் கணக்கும் முடிந்தது, அந்தச் சோற்றின் இரும்பும் ஏறியது. நாலாகக் கீறி வண்டிக்காரர் உப்பும் மிளகாய்த்தூளும் தடவித்தான் தருவார். நெஞ்சு கரிக்கிறவர்கள் தூள் வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் கை கேட்பதற்கு முன்னால் தூவிவிடும்.